நான்கு பேருக்கான அறை: பட்டாசு ஆலைகளில் தீ அபாயத்தை அளப்பதும் குறைப்பதும்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்திகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. இறந்தவர்களின் எண்ணிக்கை, தரைமட்டமான அறைகள், அரசு அறிவித்த நிவாரணத் தொகை, கைதான போர்மேன், தலைமறைவான குத்தகைதாரர். காரணம் என்று வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. இரண்டு நாளில் செய்தி ஓய்ந்துவிடுகிறது. அடுத்த விபத்துக்கும் அதே காரணம் எழுதப்படுகிறது.

உராய்வு பொய்க் காரணம் இல்லை. ஆனால் பொறி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில். அந்தப் பொறியால் ஒருவருக்குக் கை வெந்ததா, பத்துப் பேர் உயிர் போனதா என்பதைத் தீர்மானித்தவை வேறு மூன்று எண்கள்: அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னால் எத்தனை கிலோ மருந்து இருந்தது, அடுத்த அறை எத்தனை அடி தள்ளி இருந்தது. பட்டாசுத் தொழிலில் பொறியை முற்றிலும் ஒழிக்க முடியாது. இந்த மூன்று எண்களையும் கட்டுக்குள் வைக்க முடியும். தொழிலிடத் தீ அபாயத்தைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில் சிவகாசியின் கதை தொடங்குகிறது. மழை குறைந்த கரிசல் பூமி, ஈரமில்லாத காற்று, விவசாயம் கைகொடுக்காததால் வேலை தேடி நின்ற கைகள் என எல்லாம் சேர்ந்து தீப்பெட்டியை வளர்த்தன. 1940-களுக்குப் பின் பட்டாசும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் சுமார் ஆயிரம் ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்து போவதாகச் சொல்வது வழக்கம். விடியும் முன்பே கிராமங்களிலிருந்து வேன்களில் ஏறிப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். விபத்துச் செய்திகளின் பெயர்ப் பட்டியலிலும் அவர்களே அதிகம்.

இந்தத் தீயின் தன்மை மற்றத் தொழிலிடத் தீயிலிருந்து அடிப்படையிலேயே வேறு. நூற்பாலையிலோ ஜவுளிக்கடையிலோ பிடிக்கும் தீக்கு வெளிக்காற்று வேண்டும். காற்றைத் தடுத்தால் அணையும். மணல் வாளியும் அணைப்புக் கருவியும் செய்வது அதைத்தான். பட்டாசு மருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அலுமினியத் தூளும் கந்தகமும் எரிகின்றன. போர்வை போட்டு மூடினாலும், மணலைக் கொட்டினாலும் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். எரிவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒருவர் வாளியை எட்டி எடுப்பதற்குள் முடிந்துவிடும். அணைப்புக் கருவிகள் அட்டைப்பெட்டிக்கும் காகிதத்துக்கும் புல்வெளிக்கும் உதவும். மருந்து அறைக்குள் இருப்பவருக்கு அவற்றால் பயன் இல்லை. எனவே சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு உருளைகளை எண்ணி ஓர் ஆலையின் பாதுகாப்பை மதிப்பிடுவது, மதிப்பீடே ஆகாது.

அளவு பற்றிய உண்மை இன்னும் கடுமையானது. அலுமினியம் கலந்த வெடி மருந்து சிறிதளவு திறந்த தட்டில் இருந்தால் பளீரென்று எரிந்து அடங்கும். அதே மருந்து குவியலாக இருந்தால், மேலே இருக்கும் மருந்தே கீழே இருப்பதற்கு மூடியாகி, உள்ளே அழுத்தம் ஏறி, குவியல் மொத்தமாக வெடிக்கும். இரண்டு மடங்கு மருந்துக்கு இரண்டு மடங்கு ஆபத்து என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு எல்லையைத் தாண்டியதும் தீ வெடிப்பாக மாறுகிறது. தீக்காயம் இடிபாடாக மாறுகிறது. பேசினில் குறைவாக வைத்து வேலை செய், தீர்ந்தபின் மறுபடி வாங்கிக்கொள் என்று பழைய போர்மேன்கள் சொல்லிக் கொடுத்ததன் அறிவியல் இதுதான்.

பொறி வரும் வழிகள் பல. கலவையைச் சல்லடையில் சலிக்கும்போதும், குழாய்க்குள் கெட்டிக்கும்போதும், தரையில் சிந்திய தூள் செருப்பின் கீழ் நசுங்கும்போதும் உராய்வு பிறக்கிறது. நைலான் சேலை உடலோடு உரசிச் சேர்க்கும் நிலைமின்சாரம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியாக விரல் நுனியிலிருந்து தாவலாம். அதனால்தான் பருத்தி உடை, தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புக்குப் பதிலாகப் பித்தளை, மர, அலுமினியக் கருவிகள், வாசலில் நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகும் பழக்கம் ஆகியவை வந்தன. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில் பேன்சி ரகங்களுக்கான மணி மருந்தை உலர்த்துவது தனி ஆபத்து. குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால், கந்தகத்தில் இருக்கும் துளி அமிலமே கலவையைத் தூண்டிவிடப் போதும். இந்தக் கூட்டை மத்திய அரசு 1992-இல் தடைசெய்தது. இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் மிகத் தெளிவான, மிகப் பயனுள்ள ஒன்றாக அதைச் சொல்வேன். காரணம் எளிது. தொழிலாளியை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஆபத்தான பொருளையே அறையிலிருந்து அகற்றியது.

இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது மீந்துபோன மருந்து. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த கலவையில் ஈரம் ஏறினால் மெல்ல ஒரு வினை தொடங்குகிறது. அம்மோனியா கிளம்பும், சூடு பிறக்கும், சூடு வினையை இன்னும் விரைவாக்கும். வெளியே பார்க்கச் சாதுவாக இருக்கும் ஒரு வாளி, யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். மருந்து நீர்த்துப்போய் வெடித்தது என்று சிவகாசியில் சொல்வது இதைத்தான். சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் இந்த வினை அடங்கும் என்பது பட்டாசு வேதியியல் அறிந்தவர்களுக்குப் பழைய செய்தி. அதைவிட எளிய வழி, அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிடுவதும், மீந்ததை மாலையில் முறைப்படி அழித்துவிடுவதும். மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையிலும், விடுமுறை முடிந்து அறை திறக்கும் நேரத்திலும் விபத்து நடந்தால், முந்தைய வேலைநாள் மாலையில் அந்த அறையில் என்ன மீந்திருந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

வெடிபொருள் துறையில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அடிப்படை விதி ஒன்று உண்டு. மிகக் குறைந்த ஆட்கள், மிகக் குறைந்த மருந்து, மிகக் குறைந்த நேரம். நம் சட்டங்களும் இதன் மீதுதான் எழுப்பப்பட்டுள்ளன. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் 2008-இல் வந்த விதிகளும், தொழிற்சாலைச் சட்டத்தின் கீழான மாநில விதிகளும் சேர்ந்து ஓர் ஆலையின் அமைப்பைத் தெளிவாக வரைந்து தருகின்றன. தனித்தனியாக, ஒற்றைத் தளத்தில் சிறு அறைகள். எதிரெதிரே வாசல்கள், வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே உரிய இடைவெளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கலவை அறையில் அதைவிடக் குறைவு. ஒரு நேரத்தில் வைத்திருக்கும் மருந்துக்கு உச்ச வரம்பு.

இந்த நான்கு என்ற எண்ணை நிதானமாக யோசிக்க வேண்டும். விதிப்படி நடக்கும் ஆலையில், மிக மோசமான நாளில், ஓர் அறை முழுதாக வெடித்துச் சிதறினாலும், இடைவெளி சரியாக இருந்தால் தீ அடுத்த அறைக்குத் தாவாது. அப்படியானால் ஒரு விபத்தின் உச்சக் கணக்கு நான்கு. நான்கு உயிர் என்பது சிறிய இழப்பு என்று சொல்லவில்லை. ஓர் உயிரும் போகக் கூடாது. ஆனால் பத்துப் பேர் இறந்தார்கள் என்று செய்தி வரும்போது, எந்த விசாரணைக் குழுவும் போகும் முன்பே ஒன்று உறுதியாகிவிடுகிறது. அறைக்குள் ஆட்கள் அதிகம் இருந்திருக்க வேண்டும், அல்லது அறைகள் நெருங்கி இருந்திருக்க வேண்டும், அல்லது மருந்து வரம்பை மீறியிருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கும்.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 17-இல் ராமுதேவன்பட்டியில் 10 பேர். அதே ஆண்டு மே 9-இல் செங்கமலப்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இவற்றில் எதிலும் கணக்கு நான்கோடு நிற்கவில்லை. பொறி எப்படிப் பிறந்தது என்பது ஒவ்வொன்றிலும் வேறுபட்டிருக்கலாம். எண்ணிக்கை ஏன் இவ்வளவு என்பதற்கான விடை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

முதலிப்பட்டியைத் தனியே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5, தீபாவளிக்கு முந்தைய உச்சப் பருவம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் இருந்த ஆலையில் தீப்பிடித்து 38 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்துச் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவந்தவர்கள். உள்ளே சிக்கியவர்களை இழுத்து வெளியே போட முயன்றவர்கள். என்னவென்று பார்க்க வந்தவர்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு சேமிப்பு அறையில் இருந்த சரக்கு பெரிதாக வெடித்தபோது அவர்கள் அருகில் நின்றிருந்தார்கள். ஓடிவந்து உதவும் அந்த ஈரநெஞ்சு நம் கிராமங்களின் பெருமை. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு அவசரத் திட்டம் அங்கே இல்லாமல் போனதுதான் குற்றம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யார் உள்ளே போகலாம், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஆலைக்கு வெளியேயும் இதே கணக்குதான். 2016 அக்டோபர் 20-இல் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் வேனில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்கு வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும். புகை உள்ளே புகுந்தது, வெளியேற வழியில்லை. 2023 அக்டோபர் 7-இல் ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது கிடங்கு பற்றி எரிந்து 14 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் பருவ வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள், சிலர் படித்துக்கொண்டிருந்தவர்கள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 17-இல், விருதுநகர் மாவட்டத்து ரெங்கபாளையத்தில் மாதிரிப் பட்டாசை வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறி அருகிலிருந்த சரக்கில் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முடிந்த சரக்கு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இந்த மூன்று இடங்களிலும் இருந்தது. ஒரு வெடியைத் தனியாகப் பார்த்தால் அது சரிதான். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒரே கூரையின் கீழ் அடுக்கி, ஒரே வாசலை வைத்து, அந்த வாசலையும் லாரியால் அடைத்து நிறுத்தினால் கிடங்கும் மருந்து அறைதான்.

விதி இருக்கிறது, விதியின் காரணமும் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் மீறப்படுகிறது? அறியாமை என்ற பதிலை நான் ஏற்கவில்லை. தலைமுறையாக மருந்தோடு பழகிய மக்களுக்கு அதன் குணம் தெரியும். மீறலுக்குக் கூலி முறையில் காரணம் இருக்கிறது, குத்தகையில் இருக்கிறது, பருவத்தில் இருக்கிறது.

பட்டாசு வேலையில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலி. ஒரு குரோஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. பேசினில் கொஞ்சமாக மருந்து வைத்துக்கொண்டு, தீர்ந்ததும் எழுந்து போய் வாங்கி வந்தால், நடக்கும் நேரம் கூலியில் கழிகிறது. ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொண்டால் நாள் முடிவில் சில குரோஸ் கூடும். பள்ளிக் கட்டணமும் குழுக் கடன் தவணையும் நெருக்கும் ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பாதுகாப்பாக வேலை செய்தால் கூலி குறையும்படி ஒரு முறையை அமைத்துவிட்டு, விபத்துக்குப் பின் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதுவது அநீதி.

உள்குத்தகை இதைவிடக் கொடியது. உரிமம் ஒருவர் பெயரில். ஆலையை அவர் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுகிறார். அவர் அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு விடுகிறார். சட்டப்படி இது கூடாது. அச்சங்குளம் ஆலையிலும் இப்படிப் பலர் கைக்கு அறைகள் போயிருந்தது விபத்துக்குப் பின் வெளிவந்தது. நான்கு அறையை எடுத்தவருக்கு அந்த நான்கு அறையிலிருந்து அந்தப் பருவத்துக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அறைக்குள் எட்டுப் பேரை உட்காரவைப்பார். இடம் போதாவிட்டால் மரத்தடியில் உட்காரவைப்பார். தகரக் கொட்டகை போடுவார். ஒருவருடைய அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. மொத்த ஆலைக்கும் பொறுப்பான ஒரு போர்மேன் இருக்கிறார் என்பது காகிதத்தில் மட்டும். ஆலை முழுவதையும் ஒரே கண்ணால் பார்ப்பவர் யாரும் இல்லாத இடத்தில் தீ அபாய மதிப்பீடு எப்படி நடக்கும்? உள்குத்தகை இருக்கும்வரை மற்ற எல்லாச் சீர்திருத்தமும் வீண் என்றே சொல்வேன்.

பருவ நெருக்கடி எல்லோரும் அறிந்தது. ஆண்டு முழுவதற்குமான வியாபாரம் தீபாவளியின் சில நாட்களில் அடங்கிவிடுவதால், அதற்கு முந்தைய மாதங்களில் ஆர்டர் குவிகிறது. இதோடு சட்ட நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. காற்று மாசு பற்றிய அக்கறையில் தவறில்லை. ஆனால் எந்த ரகம் செய்யலாம், எந்த மாநிலத்தில் விற்கலாம் என்பது கடைசி வாரம்வரை தெளிவாகாத ஆண்டுகளில், தெளிவான மறுநாளே உற்பத்தியை முடுக்கும் அவசரம் ஆலைகளுக்கு வந்தது. தடைசெய்த ரகங்களின் தயாரிப்பு ஒழிந்துவிடவும் இல்லை. அதில் ஒரு பகுதி உரிமம் இல்லாத இடங்களுக்கு, கிராமத்து வீடுகளுக்கு நகர்ந்தது. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வீட்டு முற்றத்தில் கருந்திரி சுற்றுவதும், அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையில் வெடி கட்டுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. அங்கே வாசலும் இடைவெளியும் யார் கணக்கிலும் இல்லை, குழந்தைகள் இருக்கிறார்கள்.

கண்காணிக்கும் அலுவலகங்கள் குறைவா என்றால், இல்லை. உரிமம் தருவது ஆலையின் அளவைப் பொறுத்தது. மிகச் சிறியவற்றுக்கு மாவட்ட வருவாய் அலுவலர், அதற்கு மேல் சென்னையிலுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், பெரியவற்றுக்கு நாக்பூரில் இருக்கும் பெசோ (பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) தலைமையகம். டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்றே ஊரில் பேர். தொழிலாளர் பாதுகாப்பு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. தீயணைப்புத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை தனித்தனி. மருந்தின் அளவை ஒருவர் பார்க்கிறார். ஆட்களின் எண்ணிக்கையை இன்னொருவர் பார்க்கிறார். குத்தகை யார் கையில் என்பதை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. அச்சங்குளத்துக்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. குழுக்களின் பரிந்துரைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றை ஒரே மேசையில் வைத்து, ஒரே பொறுப்பாளர் பெயரில் நிறைவேற்றும் ஏற்பாடுதான் இல்லை.

அபாய மதிப்பீடு என்பதைப் படிவம் நிரப்பும் சடங்காக நடத்தும் வழக்கம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. இங்கே அது உயிரைப் பறிக்கும். உண்மையான மதிப்பீடு செய்ய வேண்டுமானால் முன்கூட்டிச் சொல்லாமல் செப்டம்பர் மாதத்து முற்பகலில் போக வேண்டும். அலுவலக அறையில் உட்காராமல், மருந்தின் வழியே நடக்க வேண்டும். வேதிப்பொருள் மூட்டை எந்த அறையில் பிரிகிறது, எங்கே எடை போடப்படுகிறது, கலந்த மருந்து யார் கையில் எந்தப் பாதையில் போகிறது, எந்த வாசலில் காத்திருக்கிறது, ஒவ்வொரு பேசினிலும் எவ்வளவு இருக்கிறது, உலர்களத்தில் எத்தனை தட்டு, மாலை ஐந்து மணிக்கு மீந்தது எங்கே போகிறது. தராசைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று தலைகளை எண்ண வேண்டும். எழுந்து ஓடச் சொல்லி, கடைசி ஆள் வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது, வழியில் அட்டைப்பெட்டிக் கட்டு தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்பு, அங்கே வேலை செய்யும் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். எந்த அறையில் உட்காரப் பயமாக இருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் தெரியும். எந்த ரக மருந்து சீக்கிரம் சூடாகிறது, எந்தச் சல்லடை முரண்டு பிடிக்கிறது, போன மாதம் யார் கையில் புசுக்கென்று பற்றி அணைந்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இப்படிப் பற்றி அணையும் சிறு தீக்கள்தாம் பெரிய விபத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை. சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும்வரை அவை மறைக்கப்படும். பெயர் சொல்லாமல் புகார் செய்யும் ஒரு தொலைபேசி எண்ணும், சொன்னவருக்குப் பாதுகாப்பும் இருந்தால், மாவட்ட நிர்வாகத்துக்கு இன்று கிடைக்காத தகவல் கிடைக்கும்.

வெளிநாட்டு அனுபவங்களிலிருந்து கற்க வேண்டியவை சில உண்டு. 2000 மே 13-இல் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், குடியிருப்புப் பகுதியின் நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்தது. 23 பேர் இறந்தனர், அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். சுமார் 950 பேர் காயமடைந்தனர். 400 வீடுகள் அழிந்தன. அனுமதித்ததைவிட ஆபத்து மிகுந்த வகைச் சரக்கு அங்கே இருந்தது. பெரும் வெடிப்புக்கு முன் எழுந்த சிறு வெடிகளை வேடிக்கை பார்க்க மக்கள் கூடியிருந்தார்கள், முதலிப்பட்டியில் கூடியதுபோலவே. நான்கு ஆண்டு கழித்து, 2004 நவம்பர் 3-இல் டென்மார்க்கின் கோல்டிங் அருகே சீஸ்ட் என்ற இடத்தில் ஒரு பட்டாசு ஆலைக் கிடங்கு தீப்பற்றி, பல மணி நேரத்துக்குப் பின் பேரளவில் வெடித்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின. இறந்தவர் ஒருவர், ஒரு தீயணைப்பு வீரர். வெடிப்புக்கு முன்பே சுமார் 2000 பேரை அங்கிருந்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். தீயை அணைக்க முடியாதபோதும் மனிதர்களைத் தள்ளி வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சீனாவின் லியூயாங் நம் சிவகாசியைப்போலப் பட்டாசால் வாழும் ஊர். அங்கே மருந்து கலப்பதையும் செலுத்துவதையும் இயந்திரங்களுக்கு மாற்றி, ஆளைத் தடுப்புச் சுவருக்கு அப்பால் நிறுத்தும் முறை வளர்ந்திருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் அங்கேயும் ஓர் ஆலை வெடித்து 13 பேர் இறந்தார்கள். முதலில் 7 என்று அறிவித்து மற்றவர்களை மறைத்தது பிறகு அம்பலமானது. இயந்திரம் மட்டும் காப்பாற்றாது. நேர்மையான கணக்கும் வேண்டும்.

இனி, குறைப்பதற்கான வழி. என் வரிசையில் முதலிடம் கலவைக்கு. எல்லாப் பணியிலும் இதுதான் மிக ஆபத்தானது, மிகக் குறைந்த ஆட்களால் நடப்பது. அதனால் இயந்திரமயமாக்கினால் வேலை இழப்பு மிகக் குறைவு, உயிர் லாபம் மிக அதிகம். ஆளில்லாத அறையில் சிறு அளவில் கலக்கும் இயந்திரம், சுவருக்கு அப்பால் விசை. சிறு ஆலைகளால் தனித்தனியே வாங்க முடியாவிட்டால், அரசும் தொழில் சங்கமும் சேர்ந்து கடன் திட்டம் வகுக்கலாம். சிவகாசியிலேயே பெசோவின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாவட்டத்தின் சூழலுக்கும் நம் ரகங்களுக்கும் ஏற்ற கருவியைச் சோதித்து அனுமதிப்பது அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடுத்து கூலி. மருந்து அறைகளில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாள் கூலியாக்க வேண்டும். காகிதக் குழாய் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி கட்டுவது போன்ற மருந்தில்லாத பணிகளில் அது தொடரட்டும். மருந்தைத் தொடும் கைக்கு அவசரத்தால் லாபம் இருக்கக் கூடாது. இது கட்டுப்படியாகாது என்று ஆலை உரிமையாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. சட்டப்படி நடக்கும் ஆலை, உள்குத்தகை ஆலையோடு விலையில் போட்டியிட முடியாது. ஆகவேதான் உள்குத்தகையை ஒழிப்பது தொழிலாளியோடு நேர்மையான முதலாளிக்கும் பாதுகாப்பு. குத்தகைதாரரையும் போர்மேனையும் மட்டும் கைதுசெய்துவிட்டு உரிமதாரரை விட்டுவைக்கும் வழக்கம் நின்றால், உரிமத்தை வாடகைக்கு விடும் தொழில் தானாகக் குறையும்.

மீந்த மருந்துக்கும் கழிவுக்கும் தினசரிக் கணக்கு வேண்டும். காலையில் எத்தனை கிலோ கலக்கப்பட்டது, மாலையில் எவ்வளவு மீந்தது, யார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்ற மூன்று பத்திகளுக்கு மேல் அந்தப் பதிவேட்டில் எதுவும் தேவையில்லை.

தப்பிக்கும் பயிற்சி பற்றி ஒன்று. ஓடு, திரும்பி வராதே, காற்று வரும் திசைப் பக்கமாகக் கூடு என்பதை மாதம் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்கும் இதே செய்தி போக வேண்டும்: ஆலையில் புகை கண்டால் எல்லையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள், தீயணைப்புத் துறைக்கு வழி விடுங்கள். தீக்காயம் பட்டவர் மேல் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுவதே முதலுதவி. மஞ்சளோ மையோ மாவோ பூசக் கூடாது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. கடுமையான காயம் என்றால் சுமார் 70 கிலோமீட்டர் தாண்டி மதுரை இராசாசி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்தில் போகும் உயிர்களைக் காக்க, உள்ளூர்ப் பிரிவை வலுப்படுத்தும் செலவை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் நடக்காது என்ற சலிப்பு ஊருக்குள் ஆழமாக இருக்கிறது. அந்தச் சலிப்புக்கு எதிராக ஓர் உண்மை உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்றுதான் உலகம் பேசியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கும், 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், ஆய்வுகளும், பள்ளிகளும், சத்துணவும், உள்ளூர் அமைப்புகளின் இடைவிடாத உழைப்பும் சேர்ந்து ஆலைகளில் அந்த நிலையைப் பெருமளவு மாற்றின. அன்றைக்கும் கட்டுப்படியாகாது என்றுதான் சொன்னார்கள். தொழில் அழியவில்லை, வளர்ந்தது.

ஓர் எளிய வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு அறைக் கதவிலும், தூரத்திலிருந்து படிக்கும்படி தமிழில் ஒரு பலகை: உரிமதாரர் பெயர், அறையின் எண், இங்கே அனுமதிக்கப்பட்ட ஆட்கள் இத்தனை பேர், மருந்து இத்தனை கிலோ, மீறல் கண்டால் அழைக்க வேண்டிய எண். அதே பட்டியல் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஓர் ஆணையால் இதைச் செய்ய முடியும். வேனில் ஏறிப் போகும் மகளுக்கும் தாய்க்கும் அவர்கள் உட்காரும் அறையின் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது ஆளை உள்ளே அனுப்பும்போது, நான் வெளியே உட்காருகிறேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும், அப்படிச் சொன்னதற்காக அன்றைய கூலி குறையக் கூடாது. விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் வரும் தீபாவளி உற்பத்தி சூடுபிடிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.